பழைய தீயணைப்பு நிலையத்து மணி

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். காற்று முழுக்கப் புழுதி. பழைய தீயணைப்பு நிலையம் வரும் சனிக்கிழமை முதல் கலை மையம். மையத்துக்கும் ஊரின் பழஞ்சின்னங்களுக்கும் விளக்கப் பலகைகள் எழுதுவது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்று எழுதியவை:

தெப்பக்குளம் – தண்ணீர் தவிர மற்றதெல்லாம் உண்டு. (நீக்க வேண்டும்.)

சுமைதாங்கிக் கல் – தற்போது தாங்குவது கட்சிச் சுவரொட்டிகளை. (இதையும்.)

தீயணைப்பு மணி – 'அடித்துப் பாருங்கள்!' பார்வையாளர் பங்கேற்பாம். மையப் பொறுப்பாளர் உடனே ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

முழங்கால் வலி. தைலம் வாங்க.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முன்னோட்டமாகப் பள்ளிப் பிள்ளைகள். பலகையை உரக்கப் படித்தார்கள், கயிற்றை இழுத்தார்கள். ஐந்து முறை.

தரை கூட்டிக்கொண்டிருந்த செல்வராணி துடைப்பத்தோடு தெருவில் ஓடினார். காலில் செருப்பில்லை. எதிர்வீட்டுப் பெண்களும் பின்னாலேயே. நானும் டீக்கடைக்காரரும் பேருந்து நிறுத்தத்தில்தான் மறிக்க முடிந்தது.

டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தாயில்பட்டிப் பக்கம் வெடி விபத்து என்றால் மூன்று அடி; எம். புதுப்பட்டிப் பக்கம் என்றால் ஐந்து. நிலையம் புறவழிச்சாலைக்குப் போன பிறகும், சேதி வந்தால் தானே வந்து அடித்துவிடுவாராம். செ.ராணியின் மகளுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேம்மா."

"செல்போன கம்பெனி கேட்லயே வாங்கி வச்சுக்கிடுவாகளே சார். யாருக்குப் போட? வெடிச்சிட்டா லைனும் கெடைக்காது. மணிதான்."

வெடிச் சத்தத்துக்குத் தலை திருப்பாத ஊர், மணிக்கு ஓடுகிறது. மல்லாங்கிணற்றிலிருந்து வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. குளத்து மண்டபக் கல்வெட்டு எனக்கு மனப்பாடம். இது தெரியாது.

செ.ராணியின் பாதத்தில் கண்ணாடிச் சில்லு. பலகையைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அழைப்பிதழ் வந்தது. 'சிறப்பு விருந்தினர் மணியை ஐந்து முறை ஒலித்துத் தொடங்கி வைப்பார்.' ஏன் ஐந்து?

"ஐம்பூதம் சார். கான்செப்ட்" என்றார் பொறுப்பாளர்.

நேற்று நடந்ததைச் சொன்னேன்.

"மைக்ல முன்னாடியே சொல்லிருவோம் சார்."

"மைக் கேட்காத தெருவுக்கும் மணி கேட்கும்."

"நாலாக்கலாம். ஆனா நாலு நல்லாருக்காது. பத்திரிகையும் பிரிண்ட் ஆயிருச்சு."

ஊர் முழுக்க அச்சகம். மறு அச்சு மட்டும் நடவாத காரியம்.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம், மேற்கோள்களுடன். வாங்கி மேசையில் வைத்தார். அதன்மேல் காபி டம்ளரை வைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செ.ராணியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

"நீங்க எதுக்கு லெட்டரெல்லாம் எழுதிட்டு இருக்கீக? அது வாயக் கட்டுனா தீர்ந்துச்சு."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஏணியை நான் பிடித்தேன், அவர் ஏறினார். மணியின் நாக்கைச் சுற்றிச் சாக்குத் துணி, அதன்மேல் சணல். பதினொரு வருடம் பட்டாசு ஆலையில் குண்டு வெடிக்குச் சணல் சுற்றிய கை. என் வாழ்வின் முதல் சதி. ஏணி ஆடியது.

"ஏணிய ஆட்டாதீக சார். இப்ப நீங்களே அடிச்சு விட்ருவீக."

ஆகஸ்ட் 9, சனி

மூட்டம். மழை இல்லை. விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஐம்பூதம் பற்றி நான்கு பேர் பேசினார்கள்.

கயிறு இழுக்கப்பட்டது. தொப். தலையணையைக் குத்தியதுபோல். ஐந்து முறையும் அப்படியே. சிலர் மணியை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கைதட்டல்.

"அந்தக் காலத்து வெங்கலம்லா! சவுண்டே தனி" என்றார் விருந்தினர்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருவில் யாரும் ஓடவில்லை. எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். செ.ராணி பந்தல் ஓரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கேசரி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

தைலம் இன்னும் வாங்கவில்லை. நாளிதழில்: 'மணியோசை முழங்கக் கலை மையம் திறப்பு.'

சாக்குத் துணியை அவிழ்த்துவிடலாமா என்று செ.ராணியிடம் கேட்டேன்.

"வேண்டாம் சார். நாளைக்கும் எவனாச்சும் வந்து இழுப்பான்."

"நிஜமாகவே வேண்டி வந்தால்?"

கூட்டிக் கொண்டுபோய்க் காட்டினார். சுருக்கு முடிச்சு. சணலின் நுனியைச் சுவரோரமாக இறக்கி, துடைப்பம் மாட்டும் ஆணியில் சுற்றியிருக்கிறார்.

"ஒரு இழுப்புத்தான். அம்புட்டும் கழண்டு விழுந்துரும். டீக்கடை அண்ணாச்சிக்கும் சொல்லிட்டேன்."

மணிக்குப் புதுப் பலகை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்: வெண்கலம். பழைய நிலையத்தில் பயன்பாட்டில் இருந்தது. தொடாதீர்கள்.

ஆணியைப் பற்றி எழுதவில்லை.