பழைய வால்வுக்கு எழுதிய பத்து நிமிடம்

அன்பு அண்ணனுக்கு,

போனில் சொன்னால் சிரித்துவிடுவாய். அதனால் எழுதி, ஊருக்கு வரும் ஆதியம்மா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாளைக் காலை எங்கள் கம்பெனி விண்கலம் ஏழாவது முறையாகப் போய்விட்டு, கோவளத்துக்கு நேரே கடலில் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிச் சரிசெய்வோம். இந்த முறை எடையைக் குறைக்கச் சின்ன வால்வு. மிச்ச எரிபொருள் வெளியேற இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் அதைக் கட்டி இழுத்துவர உன் படகு மாதிரி ஒன்று நெருங்கினால், தீப்பிடிக்க ஒரு பொறி போதும். படகுக்காரர்களுக்கான தாளிலோ பழைய வால்வுக்கு எழுதிய பத்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது.

மேலாளரிடம் சொன்னேன். "தாளை மாத்தினா ஒரு மாசம் தள்ளிப்போகும். ஆறு தடவை ஒண்ணும் ஆகலையேம்மா, கையெழுத்தைப் போடு" என்றார்.

நீ மட்டும் என்ன? போன தடவை, "அது மெதந்துகினு கீது, நான் இன்னா வேடிக்கை பாத்துகினு இருக்கணுமா?" என்று ஒன்பதாவது நிமிடமே கயிறு கட்டினாய்.

படகில் வருவது என் அண்ணன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இன்றும் சொல்லவில்லை. யார் வந்தாலும் அந்தத் தாள் தப்புதான்.

என் கையெழுத்து இல்லாமல் விண்கலம் கிளம்பாது. தாளை மாற்றாமல் நான் போடமாட்டேன். நாளை எட்டு மணிவரை வானத்தில் புகை தெரியாவிட்டால், நீ வலையை ஏற்றிக்கொண்டு மீனுக்குப் போ. நான் வேலையை விட்டு, பெட்டியோடு ஊருக்கு வர செங்கல்பட்டில் பஸ் ஏறியிருப்பேன்.

"இதுக்கா அவளைப் படிக்க வெச்சோம்?" என்று அம்மா கேட்கும். இதுக்குத்தான் என்று சொல்லிவை.

உன் தங்கை