பூப்போட்ட சாட்சிக் கண்ணாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே நீயும் உன் தலைமுடியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா உன் புகைப்படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள். தண்ணீர் மாறினால் கொட்டத்தான் செய்யும், என்னைப் பார்த்துத் தைரியம் கொள், எனக்கு ஒரே ஊரில் ஒரே தண்ணீரில் கொட்டியது. மாடி வீட்டு ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியர் பதவி வந்துவிட்டது, அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவர் மனைவி ஒருவரையும் விடவில்லை.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், கூட வேலை பார்க்கிறவர்கள் உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று. விரிசல் பார்க்கிறார் என்று சொல், கௌரவமான தொழில்தான். பழைய கட்டடப் பிரிவில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன், அலுவலகத்தில் என் பெயரே விரிசல் சார். இந்த வருடம் அரசாங்கம் நாடு முழுக்க உள்ள பழைய தேவாலயங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கிறது, ஒவ்வொன்றும் உறுதியாக நிற்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஒருவர் உன் அப்பா. பதினொன்று பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, இத்தனை வருடம் விரிசலை மட்டும் பார்த்தவன் இந்த வருடம்தான் சுவரைப் பார்த்தேன். கடலோரத்தில் ஒன்று, சிப்பியும் கடற்கல்லும் சுண்ணாம்பில் குழைத்துக் கட்டியது, உப்புக்காற்று அரித்து அரித்து வெளியே தேன்கூடு மாதிரி இருக்கிறது, உள்ளே போனால் முட்டை ஓட்டுக்குள் நுழைந்தது போல வெள்ளை, வழவழப்பு. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஜீப் ஓட்டுநர் நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். காட்டை ஒட்டி ஒன்று, கட்டியவர்கள் கப்பல் தச்சர்களாம், அவர்களுக்குத் தெரிந்தது கப்பல் ஒன்றுதான், அதையே கட்டிக் கவிழ்த்துப் போட்டுக் கூரை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் விலா எலும்புகளாக மரம் வளைந்து வளைந்து போகிறது, ஓர் இரும்பு ஆணி கிடையாது, நாம் கடலுக்கு அடியில் நிற்கிறோம் என்று ஒரு மயக்கம் வருகிறது. இன்னொன்றில் இரட்டைக் கோபுரம், ஒன்று மற்றதைவிட மூன்றடி உயரம். இரண்டு மேஸ்திரிகளும் மாமன் மச்சான், பேச்சுவார்த்தை நின்றுபோய் ஆளுக்கொரு கோபுரம் கட்டினார்களாம். பட்டியலில் அதைப் பாணி வேறுபாடு என்று எழுதியிருக்கிறார்கள், குடும்பச் சண்டைக்கு இவ்வளவு மரியாதையான பெயரை நான் கேட்டதே இல்லை.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது பதினொன்றாவது கோயிலைப் பற்றி. குன்றின் மேல் இருக்கிறது, நானூறு வருடத்துக் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு. வாசல் குட்டை, குனியாமல் போனால் நெற்றியில் பட்டியலில் சேராத ஒரு புடைப்பு கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. உள்ளே போய் நிமிர்ந்தால் வேறொரு கட்டடம். தூணே இல்லாத நடுக்கூடம், அதன்மேல் ஒரே வீச்சாகச் செங்கல் வளைகூரை, நாலு மாடி உயரத்தில். யாரோ பெரிய படுதாவை உதறித் தூக்கி, அது இறங்குவதற்குள் கல்லாகிவிட்ட மாதிரி. தெற்குச் சுவரில் பாடகர் மாடத்துக்கு மேலே ஆரம்பிக்கும் ஒரு விரிசல், கூரையில் ஏறி மூன்றாவது வரிசை பெஞ்சுக்கு நேர் மேலே முடிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அதன் குறுக்கே நான் சாட்சிக் கண்ணாடி ஒட்டினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, விரல் நீளக் கண்ணாடித் துண்டு, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை, சாந்து வைத்துப் பிடித்துவிடுவோம். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடையும், உடைந்தால் சுவரைக் கவனிக்க வேண்டும், உடையாவிட்டால் சாப்பிடப் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் மாடத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பேன், கண்ணாடி முழுசாக இருக்கும், அசைவு இல்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போவேன். விரிசலின் இருபுறமும் அடித்த இரண்டு பித்தளை ஆணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் ஏணி போட்டு அளக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடியே உடையவில்லை, ஏணி எதற்கு என்று முழங்கால் சொன்னது, முழங்கால் பேச்சைக் கேட்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடைசிச் சான்றிதழுக்காகப் போனேன். அந்த ஞாயிறே பட்டியலில் சேர்க்கும் விழா, ஆயர் வருகிறார், எண்ணூறு பேர் உட்காருவார்கள். சான்றிதழோடு கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும் என்பதால் வேறு வழியில்லாமல் ஏணி ஏறினேன். கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது, ஆனால் அதில் ஒரு பூ இருந்தது. அலமாரிக் கதவில் வருமே, அந்தப் பூ. என் சாட்சிக்கு யாரோ பூப்போட்ட சேலை கட்டிவிட்டிருந்தார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சாவிக்காரம்மா, கோயிலைக் கூட்டி, விளக்குப் பார்த்து, பூட்டித் திறப்பவர். கேட்டேன். "ஆமா சார், நான்தான் மாத்தினேன். முன்னாடி வச்சதெல்லாம் படத்துக் கண்ணாடி, அது தீந்துபோச்சு. பூ நல்லா இல்லியா?" என்றார். முன்னாடி வைத்ததெல்லாம் என்றால் எத்தனை தடவை அம்மா என்றேன், ஏணி ஆடியது, ஆட்டியது நான்தான். "இதோட ஏழு தடவை. நீங்க ஒட்டிட்டுப் போகும்போது உடையாமப் பாத்துக்கோங்கன்னு சொன்னீங்கள்ல? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், சனியன் உடைஞ்சுக்கிட்டே இருக்கு," என்று சொல்லி, கோயிலுக்குள் சனியன் என்றதற்காக நெற்றியில் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "அவ்வளவு தூரம் பஸ் மாறி வர்றீங்க, வந்து உடைஞ்சதப் பாத்தா உங்க முகம் என்னத்துக்கு ஆகும்? மெழுகுவத்தி தீந்தா மாத்துறது நான், பல்பு போனா மாத்துறது நான், இத மட்டும் விட்டுருவேனா?" திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது நான்தான். எதற்கு என்று சொன்னேனா? சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆக இரண்டு வருடமாக அந்தச் சுவர் அசைகிறது, அசைவு இல்லை என்று மூன்று தடவை என் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கீழே எண்ணூறு தலை. பங்குச் சாமியாரிடம் போய்க் கோயிலைப் பூட்டுங்கள் என்றேன். "நானூறு வருஷமா விழாதது இந்த ஞாயித்துக்கிழமையா விழப்போகுது?" என்றார். விழுந்த கட்டடம் எல்லாமே அதற்கு முந்தின நாள் வரைக்கும் நின்றதுதான் ஃபாதர் என்றேன், அவரே போய்ப் பூட்டினார். தலைமைப் பொறியாளரைப் போனில் பிடித்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், "கையெழுத்து உம்முடையது, முடிவும் உம்முடையது" என்று வைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆணி அளவு அலுவலகக் கோப்பில் இருந்தது, அலுவலக உதவியாளர் விடுப்பில், வேறு ஆள் இல்லை. நான் போனில் சொன்னதும் உன் அம்மாதான் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பையும் அளவுக் கருவிகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினாள். இறங்கியதும் என் நெற்றிப் புடைப்பைப் பார்த்து, "உங்களையே நிமிர்ந்து பாத்து நடக்க வைக்க முடியல, நீங்க கோயிலைப் பாத்துக்கிறீங்களாக்கும்" என்றாள்.

அதற்குள் சாவிக்காரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண் சிவந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "என் வேலை போயிருமா சார்? உடைஞ்சதக்கூட நான் தூக்கிப் போடல, யார் காலையாவது குத்திரும்னு சுத்தித்தான் வச்சிருக்கேன்." திறந்தேன். ஏழு பொட்டலம். ஒவ்வொன்றும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைக்குக் கிழித்த தாளில் சுற்றியது. தேதியோடு, பாப்பா! எங்கள் துறையில் இருபது பேர் சேர்ந்தாலும் இப்படி ஒரு பதிவேடு வைக்கமாட்டோம். தரையில் பரப்பினேன். நாலு தாள் வெயில் ஏறும் மாதங்கள், மூன்று தாள் குளிர் இறங்கும் மாதங்கள், நடுவில் ஒன்றுமில்லை. பிறகு ஏணி ஏறி ஆணிகளை அளந்தேன். கோப்பில் இதே மாதம், இதே வாரம், நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர். இப்போதும் நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நாலு. என் கண்ணை நான் நம்பவில்லை, உன் அம்மாவை ஏற்றிப் படிக்கச் சொன்னேன். "அதேதான். மாறாத நம்பரைப் படிக்கவா மூணு பஸ் மாத்தி வரவச்சீங்க?" என்று மேலேயிருந்து கேட்டாள். மாறாமலா இருந்தது? வெயிலில் விரிந்து போயிருக்கிறது, குளிரில் திரும்பி வந்திருக்கிறது, போகும்போதும் வரும்போதுமாக ஏழு கண்ணாடி.

சனிக்கிழமை காலை கடிகாரம் போல முள் வைத்த கருவியை விரிசலின் குறுக்கே பொருத்திவிட்டு மாடத்தில் உட்கார்ந்தோம், நான், உன் அம்மா, சாவிக்காரம்மா. தெற்குச் சுவரில் வெயில் விழுந்ததும் முள் கிளம்பியது. கண்ணுக்குத் தெரியாது, வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும். ஒரு மேகம் வந்து மறைத்தபோது தயங்கி நின்றது, மேகம் போனதும் மறுபடி நடந்தது. மூன்று மணி வரைக்கும் திறந்தது, பிறகு மெல்ல மெல்ல மூடியது, வெளிச்சம் மங்கும்போது கிளம்பிய கோட்டுக்கே வந்து நின்றது. ஒரு நாளில் அது நகர்வது மயிரிழைகூட இல்லை, அதைக் கண்ணாடி தாங்கிவிடும், பருவம் மாறி எல்லாம் சேரும்போதுதான் உடையும். நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் தடவை அந்தச் சுவர் இப்படி மூச்சுவிட்டிருக்கிறது. விரிசல் கொஞ்சம் அகலமான இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே செங்கலுக்கு நடுவே வெறும் மண்பானைகள், வாயைத் திறந்துகொண்டு வரிசை வரிசையாக. பாரம் குறைய வேண்டும் என்று கூரைக்குள் காற்றை அடுக்கி வைத்திருக்கிறான் இதைக் கட்டிய மேஸ்திரி. சுவர் ஒரு நாள் நகரும் என்று தெரிந்து, நகரட்டும் என்று இளக்கமான சாந்தில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பேர்கூட எழுதி வைக்கவில்லை. அசைகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் நான் சிமெண்ட் போட்டு இறுக்கியிருப்பேன், சுவர் அன்றைக்கே வேறு இடத்தில் உடைந்திருக்கும்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். அசைவு இருக்கிறது, பருவத்தோடு திறந்து மூடுகிறது, இரண்டு வருடத்தில் வளரவில்லை, கூட்டம் உட்காரலாம் என்று எழுதினேன். முந்தைய மூன்று அறிக்கைகள் என் சோம்பலால் தவறு என்றும், சரியான பதிவை வைத்தவர் சாவிக்காரம்மா என்றும் எழுதினேன். இனிமேல் மாதாமாதம் முள்ளைப் படித்து எழுதும் பொறுப்பை அவருக்கே தர வேண்டும் என்றும் சேர்த்தேன். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வரட்டும். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் உன் அம்மா நிற்கிறாள். "எழுதினது நிஜம்னா நாளைக்கு மூணாவது வரிசையில உக்காருங்க. நானும் உக்காருறேன். நம்ம பொண்ணு கேட்டா நான் பதில் சொல்லணும்ல."

உட்கார்ந்தோம். ஆயர் பிரசங்கம் ஒன்றே கால் மணி நேரம், ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை, நான் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கு ஜன்னலில் வெயில் வந்தது. இந்த நிமிடம் எங்கள் தலைக்கு மேல் கூரை விரிந்துகொண்டிருக்கிறது என்று அந்த எண்ணூறு பேரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள் வாசலோரம் நின்று, சாவிக்கொத்து சத்தம் போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். பயமா என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்ல. இருபத்தாறு வருஷமா இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போயிட்டு வர்றீங்க, இவ்வளவு அழகா இருக்கும்னு ஒரு நாளாவது வீட்டுல வந்து சொன்னீங்களா?" என்றாள். சொல்லவில்லை பாப்பா. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடுத்த காரியம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தவர்கள் சூழ நீ நீடு வாழ எங்கள் இருவரின் ஆசி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய். அவள் தெருவில் சொல்லிவரும் கதையில் அந்தக் கூரையைத் தாங்கிப் பிடித்ததே அவள்தான், நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா