லாஸ்பேட்டையில் இறங்கும் ஜெட்

செவ்வாய், ஜூலை 8

நான் கம்ப்யூட்டரில் ஆடும் விமான விளையாட்டில் புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று அதைச் செய்கிறவர்கள் தங்கள் வெப்சைட்டில் கேட்டிருந்தார்கள். இறக்கைக்கு மேலே எஞ்சின் வைத்த, ஐம்பது வருஷத்துப் பழைய ஜெர்மன் குட்டி ஜெட்டை எழுதிப்போட்டேன். நம்ம ஊர் லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் ரன்வே குட்டை, அதில் இறங்க இதுதான் தோது. ஆடுகிறவர்களிடமிருந்து இன்னும் ஒரு ஓட்டாவது விழாவிட்டால் நாளைக்கு நீக்கிவிடுவார்கள். இதுவரை விழுந்தது ஒன்று, நான் போட்டது.

பாரீஸ் மச்சினன் போனில் சிரிக்கிறான். "நெஜத்துலயே வாங்க ஆளில்லாத பிளேனு மாமா!"

"அதனாலதான்டா கேக்கறேன். உன்னையும் உங்கக்காவைத் தவிர யாரு சீந்தினா?"

அந்த அக்காக்காரி, என் வீட்டுக்காரி, ஸ்கிரீனில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, பரண் மேல கிரைண்டர ஏத்துன மாதிரி?"

ஒரு பக்கத்துக்கு மாய்ந்து மாய்ந்து எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் போட்டேன். ஓட்டு விழாவிட்டால் போகட்டும். நாளன்றைக்கு மறுபடி போடுவேன். அவர்களுக்கு அலுக்கும்வரை எனக்கு அலுக்காது.