அம்மாவுக்கு ஊட்டிய அப்பம்

மகள் கிளாரிஸ்ஸாவுக்குக் கர்த்தருடைய நாமத்தில் அப்பாவின் வாழ்த்து. இங்கே நான் சுகம், இனிப்புநீர் வியாதி கட்டுப்பாட்டில் இருக்கிறது, முழங்கால் மட்டும் மழை வந்தால் சண்டை பிடிக்கிறது. நீயும் உன்னோடு இருக்கிறவர்களும் அடிலெய்டில் நன்றாக இருப்பதாக மேகி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி உன் பையன் படத்தைக் காட்டினாள். நெற்றியில் பொட்டு வைத்திருந்தது, அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்க வரலாமா என்று நீ மேகியிடம் கேட்டிருக்கிறாய். உன் அம்மாவைக் குளிப்பாட்டுகிறவளிடம் கேட்கத் தெரிந்த உனக்கு அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. சரி, பதில் சொல்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன். மேகி இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவாள். கடைசி வரைக்கும் படி.

சபைச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. மழையில் செம்பனைக் காடெல்லாம் தண்ணீர், ஆலயத்துக்கு வரும் செம்மண் பாதை சேறாகிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பாதி பெஞ்சு காலி. தோட்டத்து லய வீடுகளை விட்டு டவுனுக்குப் போன குடும்பங்கள் கிள்ளானில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகின்றன, அங்கே குளிர்சாதனம் உண்டாம், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லையாம். நம் சபைச் செயலாளர் சுகுமாறன் டிரம் செட் வாங்கினால் இளையவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறார். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஆள் எண்ணிக்கை முக்கியமில்லை மகளே. திருவிருந்துக்குக் கை நீட்டுகிறவன் கழுவின கையோடு நீட்ட வேண்டும், நீட்டாமல் ஒதுங்குகிறவன் ஏன் ஒதுங்குகிறான் என்று சபை மூப்பர்களுக்குச் சொல்ல வேண்டும், இந்த இரண்டு விதியும் நான் இந்தச் சபைக்கு வந்த பிறகு வைத்தவை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோருக்குப் பயந்து ஒழுங்காக இருந்த ஜனம் ஆண்டவருக்குப் பயப்பட மாட்டேன் என்றால் எப்படி? நீ ராசா ஊர் இந்துக் கோயிலில் அந்தப் புனிதன் என்கிற பையனிடம் தாலி வாங்கிக்கொண்ட மாதம், போதகர் தன் மகள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் மூடவில்லை. ஆராதனை நடுவில் எழுந்து, கிளாரிஸ்ஸா இனி இந்தச் சபையில் இல்லை, அவளுக்குத் திருவிருந்து இல்லை என்று என் வாயாலேயே அறிவித்தேன். முதல் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே போகவும் இல்லை, அழவும் இல்லை. அன்றைக்கு அவளை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

ஆனால் அடுத்த திருவிருந்தில் நான் தட்டை நீட்டியபோது அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லை போல என்று விட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, நோயாளிகளுக்குக் கொண்டுபோவதுபோல அவள் கட்டிலுக்கே அப்பமும் பாத்திரமும் கொண்டுபோனேன். மேகி கையால் கஞ்சி குடிக்கிறவள், அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் கொடுத்த கோலேப் பலகாரத்தைச் சப்புக்கொட்டித் தின்கிறவள், அப்பத்தைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். காரணம் கேட்டேன். “எம் மக பேர அறுத்த வாயி ஜெபிச்ச அப்பம் எனக்கு வேணாங்க” என்றாள். உன் அம்மா இராஜம்மாவுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. அந்தக் கோபம் உன்மேல்தான், அவள்மேல் இல்லை.

உன் மாமியார் காளியம்மாவும் வந்தார். ராசாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு கேட்டில் நின்றார். சம்பந்தியைப் பார்க்கணும் என்றார். எங்களுக்குள் சம்பந்தம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக் கேட்டைத் திறக்காமலேயே பேசி அனுப்பினேன். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சட்டியைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். உள்ளே மீன் குழம்பு, வாசனை நன்றாகத்தான் இருந்தது, கொட்டிவிட்டேன். குரல் கேட்டு அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறாள், பாப்பாவா, பாப்பாவா என்று. நீ இல்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

பிறகு சுகுமாறன் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், அம்மாவுக்காக ஜெபிக்கச் சொன்னார், எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, போதகரம்மா ரொம்ப நாளாகத் திருவிருந்து எடுக்கவில்லையே, மூப்பர்கள் கேட்கிறார்கள், விதி எல்லாருக்கும் ஒன்றுதானே பாஸ்டர் என்று மெதுவாகச் சொன்னார். உன் பெயரைச் சபையிலிருந்து எடுத்தபோது ஆமென் சொன்ன அதே வாய். நான் என்ன செய்வேன்? மூப்பர்களைக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி அவளை விசாரிக்கச் சொல்வதா? அப்படியே விட்டு, திருவிருந்தை வெறுத்தவளாக அவள் மண்ணுக்குப் போவதா? உன்னால் வந்த முடிச்சு, நான் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை மேகியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஜெபித்த அப்பத்தை நன்றாக உதிர்த்துக் கஞ்சியில் போட்டுக் கரைத்தேன். நானே ஊட்டினேன். அம்மா முதலில் ஆச்சரியமாகப் பார்த்தாள், பிறகு குழந்தைபோல வாயைத் திறந்தாள். “நீங்க ஊட்டுறது இதான் மொதத் தடவ” என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தை வழித்துக் கொடுத்தேன், முழுவதும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு, இராஜம்மா, இப்போது நீ ஆண்டவருடைய அப்பத்தை வாங்கிக்கொண்டாய், இனி உனக்கும் சபைக்கும் வழக்கில்லை என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அது ஏமாற்று. நான் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை. மறுநாள் ஆராதனையில் போதகரம்மா திருவிருந்து பெற்றார்கள் என்று அறிவித்தேன், சுகுமாறன் தலையாட்டினார்.

அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு அம்மா எதையும் சாப்பிடவில்லை. என் கையால் மட்டும் இல்லை, மேகி கையாலும் இல்லை. தேநீர் இல்லை, பிஸ்கட் இல்லை, மாத்திரையும் துப்பிவிடுகிறாள். பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தால் அதை மட்டும் உள்ளே விடுகிறாள். அம்மா என்னையும் நம்ப மாட்டேங்குது பாஸ்டர், நானும் சேந்துதான் கலந்தேன்னு நெனைக்குது என்று மேகி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கிளினிக் டாக்டர், ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் போடச் சொன்னார். டியூப் வழியாகக் கஞ்சி போகும், பிடிவாதம் போகுமா? ஞாயிறு வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று என்னை ஏறிட்டுப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசினாள். “பாப்பா வந்து ஊட்டட்டும்.”

ஆகையால் வா. உனக்கு என் பதில் இதுதான், வா. தனியாக வா, அவனும் பிள்ளையும் அங்கேயே இருக்கட்டும். வருகிற ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. அன்று காலை நேராக ஆலயத்துக்கு வந்து, எல்லாரும் பார்க்க முன்னால் நின்று, நான் வழிதவறிப் போனேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல். தாலியைக் கழற்றி என் கையில் கொடு. உன் பெயரை எந்த வாய் எடுத்ததோ அதே வாய் திரும்ப வாசிக்கும், அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கு வயிறார ஊட்டலாம். முன்னாலேயே வந்து இறங்கினால் கிள்ளானில் மேகியின் அக்கா வீட்டில் தங்கு. அதுவரை நீ வந்திருப்பதை அம்மாவிடம் சொல்ல மாட்டேன், இந்த வீட்டுக் கேட்டும் திறக்காது. என்னைக் கல் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன்னைத் தூக்கி ஞானஸ்நானம் கொடுத்த கை இது, மகள் என்பதற்காக வழியைக் குறுக்க அதற்குத் தெரியாது. உன் மனது இளகவில்லை என்றால் அம்மாவுக்கு என்ன நடந்தாலும் அதற்குக் கணக்கு உன்னிடம்தான் கேட்கப்படும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. தினமும் காலை உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன், அதை நான் நிறுத்தவில்லை. வெள்ளைச் சேலை கொண்டு வா, தலைக்கு முக்காடு மறக்காதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஏர்போர்ட்டிலிருந்து எந்தக் காரில் வந்தாலும் ஞாயிற்றுக்கு முன்னால் அது நம் வீட்டுப் பக்கம் வந்து நிற்கக்கூடாது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் அம்மா வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள், நான் உள்ளே போனதும்தான் மூடுகிறாள்.

கர்த்தருடைய பணியில்,
உன் அப்பா
போதகர் காப்ரியல்