மருமகன்: டேமியன் (பிரான்ஸ்)

லா சப்பல், பாரிஸ்
பெப்ரவரி 12

அன்புள்ள மருமகன் பிரசாந்தனுக்கு,

உமது மாமி தில்லைநாயகி எழுதுகிறேன். கொச்சியில் உமக்கு வேலையும் உடம்பும் நல்லபடி இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிரைத் தவிர எனக்குக் குறை இல்லை. சீலைக்கடையும் பொங்கலுக்குப் பிறகு பரவாயில்லை. இந்தக் காலத்தில் மாமி ஏன் கடதாசி எழுதுகிறா என்று யோசிப்பீர். என்னுடைய போனைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் என் பிள்ளை மிருணாளினி. இது அவளைப் பற்றிய விஷயம்.

அவள் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பெயர் டேமியன். சொந்த ஊர் மாகி. கேரளாவுக்குள் இருந்தாலும் புதுச்சேரியோடு சேர்ந்த பழைய பிரெஞ்சு ஊர் அது. வீட்டில் மலையாளம், மிருணாவிடம் எங்கடை தமிழும் பழகியிருக்கிறான். ரொய்சி விமான நிலையத்தில் வேலை, கூசேன்வில்லில் தனியாக இருக்கிறான். குடியில்லை, சிகரெட் இல்லை, மரியாதையான கதை. பெடியனில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஐமிச்சம்.

சனி ஞாயிறில் என்ன செய்கிறாய் தம்பி என்று கேட்டால், நூலகத்தில் இருந்துகொண்டு, மலையாளப் பத்திரிகைகள் தொடங்கி வளர்ந்த கதையை எழுதுகிறானாம். கண்டறியாத எழுத்து! அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் தலச்சேரியில்தான் 1847இல் ஒரு ஜெர்மன் பாதிரியார் முதல் பத்திரிகையைக் கல்லச்சில் அடித்து இலவசமாகக் கொடுத்தாராம். அடுத்த வருடம் கோட்டயத்தில் இன்னொன்று. அப்படியே பெருகி, இன்றைக்கு இடத்துக்கு இடம் தனிப் பதிப்பாம். நான் விடுவேனா? யாழ்ப்பாணத்தில் எங்கடை உதயதாரகை 1841இலேயே வந்துவிட்டது, நீங்கள் ஆறு வருடம் பிந்தி என்றேன். ஓம் மாமி, தெரியும் என்று சிரித்தான். அதையும் தெரிந்து வைத்திருக்கிறான் பாரும். பெண் கேட்டு வருகிறவனுக்கு இவ்வளவு கதை எதற்கு? வேறு எதையோ மூடத்தான் என்று எனக்குப் பட்டது.

போன மாதம் திடீரென்று ஊருக்குப் பறந்தான். மாமா தவறிவிட்டாராம். பத்து நாளில் கண் வீங்கித் திரும்பி வந்தான். எந்த மாமா? தாயோடு பிறந்தவரும் மாமாதான், பெண் கொடுத்தவரும் மாமாதான். சென்ற செவ்வாய் கடையில் பையை வைத்துவிட்டு மிருணாவோடு தேத்தண்ணி குடிக்கப் போனான். திறந்தது பிழைதான், திறந்தேன். உள்ளே ஒரு மலையாளப் பேப்பர் தாள், முழுக்க இறந்தவர்களின் படங்கள். ஒரு வயதான மனிதரின் செய்தியைச் சிவப்புப் பேனாவால் சுற்றியிருந்தான். பக்கத்துப் போன்கடை உதயனைக் கூப்பிட்டேன். கட்டாரில் மலையாளிகளோடு ஆறு வருடம் இருந்தவன், கொஞ்சம் எழுத்துக் கூட்டுவான். தட்டித்தடவி ஒரே ஒரு வரியை வாசித்தான். மருமகன்: டேமியன் (பிரான்ஸ்).

அக்கா, ஆள் முந்தியே கலியாணம் கட்டினவன் போல கிடக்கு என்றான். அவனுடைய கடையிலேயே இரண்டு கொப்பி எடுத்துவிட்டுத் தாளைப் பையில் வைத்தேன். ஒரு கொப்பி இதோடு வருகிறது. நீர் ஒன்பது வருடமாய் அங்கே பேப்பர் வாசிக்கிறவர். அதில் மருமகன் என்றுதான் இருக்கிறதா என்று மட்டும் எழுதும். உமக்கும் மிருணாவுக்கும் என்று நானும் உம்முடைய அப்பாவும் ஒரு காலத்தில் கதைத்ததை நான் இப்போது எடுக்கவில்லை.

உமது மாமி,
தில்லைநாயகி


மார்ச் 20

அன்புள்ள மருமகனுக்கு,

உமது பதில் கிடைத்தது. ஓம் மாமி, மருமகன் டேமியன் என்றுதான் இருக்கிறது என்ற அந்த ஒரு வரியே எனக்குப் போதும். பெரிய உபகாரம்.

மிருணாவிடம் காட்டினேன். என்னை நம்பாதவள் உம்மை நம்பினாள். பிரசாந் பொய் சொல்லமாட்டான் என்றாள். பிறகு டேமியனுக்குப் போன் எடுத்து, நீ கலியாணம் கட்டினவன் என்று உன் பையில் இருந்த பேப்பரிலேயே கிடக்கு, சே ஃபினி, முடிந்தது என்றாள். அவனைப் பேச விடவில்லை.

அவன் கடைக்கு ஓடி வந்தான். மாமி, ஒரு நிமிஷம் கேளுங்கோ என்றான். கள்ளனுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தால் ஒன்பது கதை விடுவான் என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். அந்தப் பேப்பர் தாளையே கீழால் தள்ளி, ஆரையாவது கொண்டு முழுக்க வாசிப்பியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனான். எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். பிடிபட்டவன் தானாகவே தாளைக் கொண்டுவந்து தருவானா என்று மனதுக்குள் ஒரு கேள்வி அரிக்கிறது. அதற்கும் ஏதாவது காரணம் வைத்திருப்பான்.

மிருணா சாப்பாட்டைத் தொடுகிறாள் இல்லை. கொஞ்ச நாளில் சரிவரும்.

உமது மாமி,
தில்லைநாயகி


மே 3

பிரசாந்தனுக்கு,

நேற்று ஜிஸ்லேன் என்ற அம்மா ரவிக்கைத் துணி வாங்க வந்தா. மாகியில் பிறந்து, புதுச்சேரியில் படித்து, இங்கே அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. மாகி என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாச்சியைத் திறந்து தாளைக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் இருந்து வாசித்தா. இறந்தவர் நாற்பது வருடம் அந்த ஊரின் பத்திரிகை நிருபர். கேரளாவில் பேப்பர் வளர்ந்ததே இப்படி ஊருக்கு ஒரு நிருபரை வைத்துத்தானாம். யார் செத்தாலும் படத்தோடு போடுவார்களாம், சனமும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புமாம். மற்றவர்களின் சாவை நாற்பது வருடம் எழுதின மனிதருக்குக் கடைசியில் ஆறு வரி. நாலாவது வரி, அவிவாகிதன். ஐந்தாவது வரிதான் மருமகன்.

ஜிஸ்லேன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தா. கல்யாணமே பண்ணிக்காத மனுஷனுக்கு மாப்பிள்ளை எங்கேருந்தும்மா வருவாரு, இது அக்கா பையன்மா என்றா. அவவுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். தகப்பன் இல்லாத டேமியனை வளர்த்ததே அவராம். அவருடைய வேலையைப் பார்த்து வளர்ந்துதான் அந்தப் பெடியன் இப்படிப் பத்திரிகைக் கதை எழுதித் திரிகிறான்.

நீர் பிறந்த நாள் தொட்டு உம்மை மருமகன் என்று கூப்பிடுகிறேன். கூடப்பிறந்தவரின் பிள்ளைக்கும் அந்தச் சொல் உண்டு என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்குப் போய் என்னிடம் இருந்த கொப்பியை எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலாவது வரி அதில் தெளிவாக இருக்கிறது. உமக்கு வந்ததிலும் இருந்திருக்கும். உம்முடைய கண் ஐந்தாவதில் மட்டும் எப்படி விழுந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. நானும் சுத்தம் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து எழுதச் சொன்னவள் நான்தானே. முழுதும் கேட்டால் அவன் நல்லவன் என்று வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் நானே மண் அள்ளிப் போட்டேன், பிரசாந்தன்.

மிருணாவிடம் சொன்னேன். அன்றைக்குக் கள்ளன் என்றாய், இன்றைக்கு நல்லவன் என்கிறாய் என்று பிரெஞ்சில் கத்தினாள். ஜிஸ்லேனைக் கூட்டி வரவா என்றேன், ஒருவரும் வேண்டாம் என்றாள். அப்ப பிரசாந் சொன்னது பொய்யா என்று கேட்டாள். தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பிப் போனேன்.

டேமியன் வேலையை விட்டுவிட்டு மே முப்பதாம் திகதி ஊரோடு போகிறானாம். இந்தக் கடிதம் உமது கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். வந்தவுடனே அந்தச் செய்தியை முழுதாய்த் தமிழில் எழுதி மிருணாவின் போனுக்கு அனுப்பும். முதல் வாசித்தபோது கண் தவறிவிட்டது என்று சொல்லும். அவள் நம்புவாள். நானும் நம்பினதாகவே இருக்கட்டும்.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை, ராசா. அம்மாள் உமக்கு ஒரு நல்ல வாழ்க்கையை அமைத்துத் தருவா. என் பிள்ளைக்கு எழுதும்போது மட்டும், கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த நாலாவது வரியை விட்டுவிடாதேயும்.

மாமி