வாயாடிக்கு நான் கொடுத்த களிம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லை, நிஜமாகவே நலம், அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. போனில் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பாய், எனக்கு நாக்கு குழறும், அதனால்தான் நம் சலவைக் கடையில் இஸ்திரி மேசையை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன் தங்கை வாயாடிக்குக் காலிலும் இடுப்பிலும் வெளிறிய திட்டுகள் இருந்ததே, நீ வந்தபோதுகூடத் தேமல் என்று சொன்னோமே, அது தேமல் இல்லையம்மா. ஒரு வருஷமாகியும் போகாததால் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். திட்டிலிருந்து துளி தோலை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை எந்தக் களிம்பும் பூசக்கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அங்கேதான் உன் அப்பாவின் புத்தி வேலை செய்தது. கறையோடு ஒரு கைக்குட்டையைக்கூடக் கடையை விட்டு அனுப்பாதவன் நான், பெற்ற பெண்ணை அப்படியே கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்துவதா என்று, முன்பு மருந்துக்கடையில் வாங்கிய களிம்பை அவள் கையில் கொடுத்து, தினமும் பூசிக்கோ, அம்மாகிட்ட சொல்லாதே என்றேன். அவளும் சமர்த்தாகப் பூசிக்கொண்டாள். மூன்று வாரத்தில் சொரசொரப்பு போய்த் திட்டும் அடங்கியது, எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு தோல் எடுத்துச் செய்த பரிசோதனையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று வந்ததும் அப்பாடா என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நாலு மாசம் கழித்துப் பார்த்தால் திட்டுகள் முன்னைவிட அதிகம். களிம்பு ஏதாவது போட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். வாயாடி சும்மா இருப்பாளா, அப்பாதான் குடுத்தாரு, உங்க கண்ணுக்கு அழகா தெரியணும்னு, என்று போட்டு உடைத்துவிட்டாள். டாக்டரம்மா கத்தவில்லை. ஆள் வராங்கன்னு குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டீங்களே, நான் தேடி வந்ததே அந்தக் குப்பையைத்தானே, என்றார். உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் அந்தக் களிம்பை என் கண் முன்னாலேயே பிதுக்கிக் குப்பையில் கொட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

களிம்பை அடியோடு நிறுத்திச் சில வாரம் கழித்து இரண்டு இடத்தில் தோல் எடுத்தார்கள். இந்த முறை தெரிந்துவிட்டது. லிம்போமாவாம். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் தோலில் தங்கிப் பெருகும் ஒருவகைப் புற்றுநோய், பிள்ளைகளுக்கு ரொம்ப அபூர்வமாக வருமாம். அந்தச் சொல்லைக் கேட்டதும், என்னாலதான் முத்திப்போச்சா டாக்டர் என்று கேட்டேன். நாலு மாசம் தள்ளிப்போனது நிஜம்தான், ஆனா இது மெதுவா நகர்ற வகை, இன்னும் தோலோடதான் நிக்குது, முதல் கட்டம், இவ வயசுப் பிள்ளைங்க நல்லா தேறிடறாங்க, வருஷக்கணக்கா கண்காணிக்கணும், அவ்வளவுதான், என்றார். அந்த நாலு மாசத்தை நான் மறக்கப் போவதில்லை. நீ இந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு டிக்கெட் தேடாதே, மேலே படி.

வாரம் மூன்று நாள் ஒளிச் சிகிச்சை. ஆளுயரக் கூண்டு, சுற்றிலும் குழல் விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உள்ளே நின்றால் சில நிமிஷம்தான். முதல் நாள் பயந்தாள், இப்போது நர்ஸுக்கே வேலை சொல்லிக் கொடுக்கிறாள். வலி இல்லை, தோல் மட்டும் காய்கிறது, அதற்கு டாக்டரம்மா கொடுத்ததைத் தவிர வேறெதையும் பூசுவதில்லை, காவலுக்கு உன் அம்மா இருக்கிறாள்.

பத்தாவது வாரம் முடிந்து நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைக்குள் ஓடி வந்தாள். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவளுக்கென்ன, முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினாள். ஆடுசதையில் இருந்த வெள்ளைத் திட்டுக்கு நடுவே கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள், அவளுடைய சொந்த நிறம். அப்பா, கறை விழுந்திருக்கு, தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க, என்றாள். முப்பது வருஷமாகக் கறை எடுக்கிறேன், ஒரு கறையைப் பார்த்து அழுதது நேற்றுதான். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் இருந்த சட்டை கருகிவிட்டது.

நீ நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. லீவு கிடைக்கும்போது வந்தால் போதும், பதறி வராதே. மறக்காமல் ஒன்று, அங்கே எவ்வளவு உசத்தியான களிம்பு கிடைத்தாலும் வாங்கி அனுப்பாதே, என் கையை நான் இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
சட்டையைக் கருக்கிய உன் அப்பா