ஒன்பதுக்கு மட்டும்

ஜூலை 7, திங்கள்
நீலாய் தொழிற்சாலையில் ஆட்களை இறக்கிவிட்டால், அடுத்த ஷிப்டு வெளியே வரும்வரை பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பேன். மற்ற டிரைவர்கள் பந்து விளையாட்டு பார்க்கிறார்கள். நான் கைப்பேசியில் வாய்ப்பாடு வீடியோ. பிழைப்பைப் பார்!
மகள் ரோகினி நாலாம் வகுப்பு. இரண்டு, ஐந்து, பத்து - அதற்கு மேல் எந்த வாய்ப்பாடும் ஏறவில்லை. ஆகஸ்டு சோதனையிலும் இப்படியே என்றால், சிரம்பான் பள்ளியில், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று உள்ள தனி வகுப்புக்கு மாற்றச் சொல்வாராம் டீச்சர். இந்தத் தோட்டத்துப் பள்ளியை விட்டால் அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

ஜூலை 9, புதன்
வீடியோவில் ஒரு வழி கிடைத்துவிட்டது! பத்து விரலையும் விரி. நாலொன்பது எவ்வளவு? இடமிருந்து நாலாவது விரலை மடக்கு. அதற்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஆறு. முப்பத்தாறு.
ஒன்பதாம் வாய்ப்பாடு முழுவதும் சொல்லிவிட்டாள். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, கையிலயே இருக்குப்பா!" பக்கத்து வீட்டு மங்கம்மா அக்காவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை. என் மனைவி புஷ்பவள்ளி அழுதே விட்டாள்.

ஜூலை 12, சனி
மம்பாவ் ரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனேன். "எனக்கு முட்டை ரொட்டி, ரெண்டு!" என்று கடைக்காரரிடம் அவளே சத்தமாகச் சொன்னாள். இவளுக்கா மண்டையில் ஏறாது?

ஜூலை 15, செவ்வாய்
நாலெட்டு எவ்வளவு என்றேன். நாலாவது விரலை மடக்கினாள். "முப்பத்தாறு."
"அது ஒன்பதுக்கு மட்டும்தாம்மா." தலையாட்டினாள்.
நாலேழு? முப்பத்தாறு.
நாலஞ்சு? - முப்பத்தாறு.
ஐந்தாம் வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் தெரியும் அவளுக்கு. தெரிந்திருந்தது.

ஜூலை 22, செவ்வாய்
மடக்காதே என்றால் அழுகிறாள். மடக்கினால் நான் கத்துகிறேன்.

ஜூலை 25, வெள்ளி
"நீங்க சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு வாய்ப்பாடாச்சும் தெரிஞ்சிச்சுலா" என்றாள் புஷ்பவள்ளி.
அவ சொல்றது சரிதான். பஸ்ஸை ஓட்டினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருந்திருக்கக் கூடாதா நான்? இப்போ அந்த விரலிலிருந்து அதை எப்படி எடுக்கறது?

ஆகஸ்டு 5, செவ்வாய்
டீச்சரைப் பார்த்தேன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. "எல்லா வழியும் பாத்துட்டேன் அண்ணே. கையை மறந்தாதான் யோசிப்பா" என்றார். கேள்வி கேட்டால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டிலும் அதையே செய்ய வைத்தேன்.

ஆகஸ்டு 20, புதன்
சோதனை முடிந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக் கணக்குகூட ஒன்றும் போடவில்லை. கேட்டதற்கு, "டீச்சர் கையை எடுக்கச் சொல்லலப்பா" என்றாள். பென்சிலே பிடிக்கவில்லை பிள்ளை.

செப்டம்பர் 8, திங்கள்
தனி வகுப்புக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு
புதுப் பள்ளியில் ஒரு வாரம் ஆகிவிட்டது. அங்கே யாரும் வாய்ப்பாடு கேட்பதில்லையாம். அந்த மட்டும் நிம்மதி என்று நினைத்து, இன்று மறுபடியும் மம்பாவ் கடைக்குக் கூட்டிப் போனேன்.
கடைக்காரர் அவளை மறக்கவில்லை. "என்னா பாப்பா, முட்டை ரொட்டியா, வெறும் ரொட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.
ரோகினி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.
"தெரியாது."
முட்டை ரொட்டியே கொண்டுவரச் சொன்னேன். தட்டு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் பிய்த்துப் பிய்த்து ஊட்டிவிட்டேன்.